அரை

கல்லில் நார் உரிக்க முடியாதென்று
நம் மொழி அடித்துச் சொல்லும்.
ஒஸ்த்ராவாவில் உரித்திருக்கிறார்கள்.
உரித்து, சிமெண்டில் பிசைந்து, தகடாக்கி,
ஒரு பள்ளிக்கூடத்துக்கே சட்டை போட்டுவிட்டிருக்கிறார்கள்
எழுபத்தியொன்றாம் ஆண்டு.

இப்போது கழற்ற வேண்டும்.
பித்தான் பித்தானாக, கையால்.
ட்ரில் கூடாது, ரம்பம் கூடாது,
உடைந்தால் தூசி. தூசி என்றால் யர்மிலா.

யர்மிலாவின் வேலை எண்ணுவது.
நான்கு மணி நேரக் காற்றை ஒரு வில்லையில் வடித்து
நுண்ணோக்கியின் கீழே வைத்து
நூறு வட்டங்கள் பார்ப்பாள்.
ஐந்து மைக்ரானுக்கு மேல் நீளம், மூன்றுக்குள் அகலம்:
ஒன்று.
ஒரு முனை வட்டத்துக்குள், மறுமுனை வெளியே:
அரை.
இரண்டு முனையும் வெளியே கிடந்தால், நடுவே
எவ்வளவு தெளிவாகக் குறுக்கே ஓடினாலும்
அது கணக்கில் இல்லை.
(யார் போட்ட சட்டமோ. அவள் கேட்டதில்லை.)

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை
ராடிம் சாரத்திலிருந்து கையாட்டினான்.
முகமூடிக்குள் அவன் கத்தியது விளங்கவில்லை.
மூன்று அறை தாண்டி, குளித்து, தலை துவட்டி
இருபது நிமிடம் கழித்து வந்து சொன்னான்:
"உள்ளே குஞ்சு இருக்கு."

தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே
நான்கு விரல் இடைவெளியில்
உழவாரன்கள். பதினொரு கூடு.

ஹவெல்கா ஒப்பந்தத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
ஒரு நாள் நின்றால் எத்தனை கொருனா என்று
விரல் மடக்கிச் சொன்னார்.
"விஷத்துக்குள்ள குடியிருக்கிறதைக் காப்பாத்த
விஷத்தையே விட்டுவைக்கணுமா?"
நியாயமான கேள்விதான்.
அலுவலகத்திலிருந்து பதிலாக வந்தது ஒரு தேதி:
ஆகஸ்ட் பதினைந்து.

அதுவரை தினமும் எண்ணினாள்.
வேலியோரம், எதிர் மாடி, ரொட்டிக்கடை வாசல்.
"ஒண்ணுமில்லையே?" என்றாள் கடைக்காரி.
"எல்லைக்குக் கீழே."
"அப்போ இல்லைன்னு சொல்லேன்."
இல்லை என்று எழுத ஆய்வகத்துக்கு அனுமதி இல்லை.
கண்டறியும் எல்லைக்குக் கீழே. அவ்வளவுதான் எழுதலாம்.
இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட
இல்லை என்று அவள் கையெழுத்திட்டதில்லை.
வீட்டிலும் இதே பேச்சு என்பார் முன்னாள் கணவர்.

உழவாரன்கள் மாலையில் கிறீச்சிட்டபடி
பள்ளியைச் சுற்றின. தரை தொடாத சாதி.
பறந்தே தின்னும், பறந்தே உறங்கும்,
காற்றில் மிதந்து வருவதைப் பிடித்து
எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும்.
காற்றில் எது வந்தாலும்.

ஆகஸ்டில் ஒரு காலை வானம் வெறுமனே கிடந்தது.

தகடுகள் இறங்கின, ஈரமாக, முழுசாக,
இரட்டை பிளாஸ்டிக்கில் சுற்றிய பிணங்கள் மாதிரி.
கூடுகளை ராடிம் ஒரு தட்டில் ஏந்தி வந்தான்.
இது எந்தக் கழிவு? படிவத்தில் கட்டம் இல்லை.
யர்மிலா நகக்கண் அளவு கிள்ளிப் பார்த்தாள்:
இறகின் முள், புல்லின் நரம்பு,
எந்தப் பிள்ளையின் ஸ்வெட்டரோ, சிவப்புக் கம்பளி நூல்,
அதன் பக்கத்தில், ஒளியைத் திருப்பியதும்,
அது. நேராக. அழகாகக்கூட.

பூவோடு சேர்ந்த நார் மணக்குமாம்.
இது எதனோடு சேர்ந்தாலும் இதுவேதான்.

பதினொன்றும் இரட்டைப் பைக்குள் போயின.

குளிர்காலத்தில் சுவரும் போனது.
அஸ்திவாரம் இருந்த இடத்தில் குழி,
மண்ணை மூடி எடுத்துப் போகும் லாரிகள்,
லாரிச் சக்கரம் கழுவ ஒரு தொட்டி.
குழியோரம் ஒரு கம்பம் நட்டு
ராடிம் பதினொரு மரப்பெட்டி மாட்டினான்.
பத்து. பலகை போதவில்லை.

மே ஏழு. பம்பை வேலியில் மாட்டிவிட்டு
நிமிர்ந்தாள். நாலைந்து கறுப்புப் புள்ளிகள்.
சுவர் இருந்த உயரத்தில், இல்லாத தகட்டை நோக்கி
அம்பாய் வந்து, கடைசி நொடியில் ஒடிந்து விலகின.
மறுபடி வந்தன. மறுபடி.
ரொட்டிக்கடைக்காரிகூட வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஒன்று மட்டும் பெட்டியில் தொற்றியது.
தலை உள்ளே, வால் வெளியே,
அப்படியே கொஞ்ச நேரம்.

யர்மிலா மூச்சுவிடாமல் பார்த்தாள்.
"அரை" என்றாள்.